காயாச் செடியில் ஒன்பது வெட்டு

"எங்க வீட்டுச் செடியில எவனோ கிளை திருடுறான். வருஷத்துக்கு ஒண்ணுன்னு ஒன்பது வருஷமா திருடுறான்," என்றார் மருந்தம்மா.

தையற்காரர், பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அவர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் துணி தைக்க வருவார்கள். மீதிப் பேர், பின்பக்கம் வெட்டு மேசை ஓரமாக நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிக்கும் அவருடைய அத்தானைத் தேடி வருவார்கள். அத்தான் ஓய்வுபெற்ற நில அளவையர். எல்லோருக்கும் அவர் சர்வேயர். யாருக்கோ வேலிச் சண்டையைத் தீர்த்து வைக்கப் போனதில் ஆரம்பித்து, தொலைந்த மோதிரம், கையெழுத்து மாறிய பத்திரம் என்று ஒவ்வொன்றாக அவர் தலையில் வந்து விழுந்தது. அக்காவைக் கட்டிக் கொடுத்த நாள் முதலாக அத்தானுக்கு வலது கை தாம்தான் என்பது தையற்காரரின் எண்ணம். அத்தான் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

மருந்தம்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷம் நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் பெயர் போகவில்லை.

"முதல் மழை பெஞ்ச ரெண்டு மூணு நாளுக்குள்ள வந்துடுவான்," என்று அவர் தொடர்ந்தார். "பென்சில் மொத்தத்துல ஒரே ஒரு குச்சி. போனாப் போகுதுன்னு விட்டேன். இந்த வருஷம் கொழுப்பைப் பாருங்க. மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. செடி பூத்துக் கிடக்கு. முந்தாநேத்து நான் பல் டாக்டர்கிட்ட போயிட்டு வர்றதுக்குள்ள பெரிய கிளை ஒண்ணைப் பூவோட அறுத்துட்டுப் போயிட்டான். கேட் தாழ்ப்பாளையும் வளைச்சு வச்சிருக்கான்."

"ஒரு செடிக்காகவா அம்மா இவ்வளவு..." என்று தையற்காரர் ஆரம்பித்தார்.

சர்வேயர் செய்தித்தாளை மடித்தார். "யாரு வச்ச செடி?"

மருந்தம்மா கைப்பையின் வாரை இழுத்து நேராக்கினார். "என் பையன்," என்றார்.

அன்று காலையே மூவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். தெருவோடு ஒட்டிய சின்ன முன்புறம். அதன் நடுவில், மண்ணும் சரளையும் கலந்து மேடாக்கிய இடத்தில் காயா நின்றது. தையற்காரரின் தலைக்கு மேல் அரை முழம் உயரம். இலைகள் எண்ணெய் தடவியதுபோல மின்னின. பூ நுனியில் இல்லை. கிளையின் கணுக்களில், மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு, கொத்துக் கொத்தாக நீலமாகப் பூத்திருந்தது. தேனீக்கள் மொய்த்தன.

"முன்னாடி இங்க புல்தரை இருந்தது," என்றார் மருந்தம்மா. "தண்ணி ஊத்தியே ஓய்ஞ்சு போவேன். சின்னவனுக்கு அப்போ பதினஞ்சு வயசு. எங்கேயோ இருந்து வந்த புல்லுக்கு ஏம்மா இப்படி ஊழியம் பண்றே, இந்த மண்ணுலயே பொறந்த செடி மலைச்சரிவுல யாரும் கவனிக்காமலே பூக்குதேன்னு சொல்லி, விரல் உசரத்துல ஒரு கன்னு கொண்டு வந்தான். நாங்க மூணு பேரும் புல்லை வெட்டி எடுத்தோம். குழியை ஆழமா தோண்டாம அகலமா தோண்டினான். உரம் கூடாதுன்னுட்டான். சருகைப் பரப்பி விட்டான். ரெண்டு வருஷம் செடி அசையவே இல்ல. செத்துப் போச்சுடான்னு நான் சொல்வேன். அது கீழ வேலை பாத்துட்டிருக்கும்மான்னுவான். மூணாவது வருஷம் பூத்தது. மொத்தம் மூணு தடவைதான் அவன் பூவைப் பாத்தான்."

வரவேற்பறை அலமாரியில் ஒரு புகைப்படம் இருந்தது. குழிக்கு இரண்டு பக்கமும் ஒரு பையனும் அவனைவிடப் பெரிய பெண்ணும் உடம்பெல்லாம் மண்ணாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் இடது கையில் மண்வாரி.

"மூத்தவளா?" என்று சர்வேயர் கேட்டார்.

"ஆமா." மருந்தம்மா படத்தைப் பார்க்காமல் பேசினார். "அவன் போய்ச் சேந்த அன்னிக்கு ஸ்கூட்டரை ஓட்டினது அவதான். பின்னாடி தம்பி. அவ மேல தப்பில்லன்னு போலீஸே எழுதிக் குடுத்தாங்க. எல்லாரும் துக்கம் கேட்டுட்டுப் போன அப்புறம் நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவனுக்குப் பதிலா நீ போயிருக்கலாமேடின்னு." அவர் ஜன்னல் திரையைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது. "மறுநாள் காலைல பாத்தா போர்வை மடிச்சு வச்சிருந்தது. ஆளைக் காணோம். எங்கெங்கேயோ தேடினேன். இருபத்தி நாலு வயசுப் பொண்ணு, தானா போனவளை நாங்க என்ன பண்ண முடியும்னுட்டாங்க. பத்தாவது வருஷம் நடக்குது."

சர்வேயர் மெல்ல எழுந்து செடிப் பக்கம் நடந்தார்.

வெட்டுகளைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. காயா மரம் இரும்பு மாதிரி, பட்ட காயத்தைச் சீக்கிரம் மூடாது. எட்டுப் பழைய வெட்டுகளும் செடியின் பின்பக்கம், உருவம் கெடாத இடமாகப் பார்த்து, நெஞ்சு உயரத்தில் இருந்தன. எல்லாமே கணுவுக்குச் சற்றுக் கீழே, சரிவாக, ஒரே அழுத்தலில் விழுந்தவை. ஒன்பதாவது தெருப் பக்கம், தலைக்கு மேலே இருந்தது. கணுவும் பார்க்காமல் ஒன்றும் பார்க்காமல், கத்தியால் இழுத்து இழுத்து அறுத்ததில் பட்டை நார் நாராகத் தொங்கியது.

"அத்தான்!" தையற்காரர் பழைய வெட்டு ஒன்றின் அருகே மூக்கை வைத்திருந்தார். "இது கத்தரி வெட்டு. இடது கை! எங்க கடையில முன்னாடி இருந்த கட்டர் இடது கைக்காரர். துணியில அவர் வெட்டு இப்படித்தான் சாயும். எட்டும் ஒரே சாய்வு பாருங்க."

"நல்லாப் பாத்தீங்க மச்சான்," என்றார் சர்வேயர். பாராட்டு அபூர்வம். தையற்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

சர்வேயர் அந்த எட்டு வெட்டுக்கும் நேராகச் செடிக்குப் பின்னால் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் சமையலறை ஜன்னல் முழுதாகத் தெரிந்தது. பிறகு அவர் கேட்டுக்குப் போனார். அதை இலேசாகத் தூக்கித் தள்ளினால்தான் தாழ்ப்பாள் விலகும். தெரியாதவர்கள் மல்லுக்கட்ட வேண்டும். யாரோ மல்லுக்கட்டித்தான் இருந்தார்கள். வளைந்த தாழ்ப்பாளில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைத் துணி சிக்கியிருந்தது.

தையற்காரர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். "அத்தான், இதை நான் தூக்கத்துல கூட சொல்வேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் நகராட்சி நாற்றுப்பண்ணை இருக்குல்ல, அங்க வேலை செய்றவங்க சீருடை. போன வருஷம் நாப்பது ஜோடி நான்தான் தைச்சேன். ஆளு கூட வரல, அளவை மட்டும் காகிதத்துல எழுதி அனுப்பினாங்க. சே, கையெல்லாம் கிரீஸ்."

பக்கத்து வீட்டு வாத்தியாரைத்தான் மருந்தம்மா முதலில் சந்தேகப்பட்டிருந்தார். செடிப் பைத்தியம், ஒரு காலத்தில் கிளை கேட்டு மறுக்கப்பட்டவர். ஆனால் அவருக்குக் கை நடுக்கம். காபித் தம்ளரையே இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "நான் இல்லீங்க," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மூணு தடவை மழையில ஒரு பொண்ணு குடை பிடிச்சுட்டு அந்தச் செடிகிட்ட நிக்கிறதைப் பாத்திருக்கேன். வீட்டு ஜன்னலையே பாத்துட்டு நிப்பா. திருட வந்தவ மாதிரி தோணல. நாம எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

தெருமுனை வந்ததும் தையற்காரரால் அடக்க முடியவில்லை. "அத்தான், அந்தப் பொண்ணு உயிரோட இருக்கா! பண்ணையில வேலை பாக்குறா! வருஷா வருஷம் வந்து தம்பி செடியில ஒரு குச்சி எடுத்துட்டுப் போறா! போய்ச் சொல்லிடலாமா?"

"வேண்டாம் மச்சான். நாளைக்கு நாம ரெண்டு பேரும் பண்ணைக்குப் போயிட்டு வந்துடுவோம். அதுவரைக்கும் அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"ஏன் அத்தான்?"

"ஒன்பதாவது வெட்டு எனக்குப் பிடிக்கல," என்றார் சர்வேயர்.

தையற்காரர் வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தார். ஆனால் அளவு நாடாவை மருந்தம்மா வீட்டில் மறந்துவிட்டிருந்தார். மாலையில் எடுக்கப் போனவரை அவர் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். "சர்வேயர் ஏதாவது சொன்னாரா?" என்று சும்மாதான் கேட்டார். எதிரே அலமாரியில் அந்தப் படம். அந்தச் சிரிப்பு. இந்த அம்மாள் இன்னொரு இரவு இப்படியே படுக்கப் போகிறாளே என்று நினைத்தார் தையற்காரர். அவ்வளவுதான், எல்லாம் கொட்டிவிட்டது. இடது கை, குடை, பச்சைத் துணி, பண்ணை.

மருந்தம்மா அழவில்லை. தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "ஜன்னலையா பாத்துட்டு நின்னா?" என்று மட்டும் கேட்டார். மறுபடியும் கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார்.

காலையில் கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். தலை வாரி, புதுச் செருப்பு போட்டு, ஒரு வாடகைக் காரையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். சர்வேயர் அவரைப் பார்த்தார், பிறகு தையற்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க வீட்டுல இருங்கம்மா. நாங்க பாத்துட்டு வந்து..."

"என் பொண்ணைப் பாக்க நான் வரக் கூடாதா?"

கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. பண்ணை வாசலில் சர்வேயர் கெஞ்சாத குறையாக மருந்தம்மாவைக் காரிலேயே உட்கார வைத்தார்.

உள்ளே நிழல் வலைக்குக் கீழே ஆயிரக்கணக்கான கன்றுகள் வரிசை வரிசையாக இருந்தன. கடைசி மூலையில், தண்ணீர்க் குழாய்க்குத் தள்ளி, ஒரு தனி வரிசை. எட்டுத் தகடுகள் மண்ணில் குத்தியிருந்தன. ஐந்தில் மட்டும் செடி இருந்தது. ஒன்று இடுப்பு உயரம், ஒன்று முழங்கால், ஒன்று சாண் அளவு. எல்லாம் காயா. மூன்று தகடுகளுக்குப் பின்னால் வெறும் மண். தையற்காரர் குனிந்து படித்தார். முதல் தகட்டில் 'தம்பி 1' என்று எழுதியிருந்தது. எட்டாவது வரை அப்படியேதான். செத்துப்போனவற்றின் தகடுகளையும் யாரும் பிடுங்கவில்லை.

"யாரு வேணும் உங்களுக்கு?"

பம்ப் அறையிலிருந்து பச்சைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். நெடிய ஆள். கையெல்லாம் கிரீஸ். வலது பக்கச் சட்டைப் பையின் ஓரம் கிழிந்திருந்தது.

"மருந்தம்மா வீட்டுல இருந்து வர்றோம்," என்றார் சர்வேயர். "அங்க காயாச் செடியில ஒரு கிளை போயிருக்கு."

"எனக்கு அந்த வீடே தெரியாதுங்க."

"பரவாயில்ல. அந்த அம்மாதான் பாவம், முழங்கால் வலியோட வெளிய கார்ல உக்காந்திருக்காங்க."

"அத்தை வந்திருக்காங்களா?" என்றார் அவர். சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது. பக்கத்திலிருந்த மண் மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் சரளையில் செருப்புச் சத்தம் கேட்டது. மருந்தம்மா காரில் இருக்கவில்லை. அவர் தகடுகளைப் படித்துக்கொண்டே வந்தார். எட்டாவதைத் தாண்டி நின்று, மூட்டையில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் ஜன்னலுக்கு வெளியே அவர் பார்த்ததெல்லாம் இந்த மாதிரி முகங்களைத்தான்.

"எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார்.

"முப்பத்தெட்டு நாள், அத்தை."

"என்ன நோவு?"

"ரத்தத்துல. ஏழு மாசம் இருந்தா."

"என்ன மருந்து குடுத்தாங்க?"

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பெயர்களை உச்சரிக்கத் தெரியாமல் தப்பும் தவறுமாகச் சொன்னார். மருந்தம்மா ஒவ்வொரு பெயரையும் திருத்திச் சொல்லித் தலையசைத்தார். "சரியான மருந்துதான்," என்றார் கடைசியில். "எங்க ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிட்டு வரல?"

"நீங்க ஜன்னல்ல நிப்பீங்களாம். இந்த நிலைமையில அம்மா என்னைப் பாக்க வேண்டாம்னுட்டா."

"நான் ஓய்வு பெத்து மூணு வருஷம் ஆச்சேப்பா," என்றார் மருந்தம்மா.

யாரோ தூரத்தில் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் சடசடவென்று இலைகளில் விழுந்தது. மருந்தம்மா சர்வேயரிடம் திரும்பினார். "உங்களுக்கு நேத்தே தெரியும், இல்ல?"

"முழுசா தெரியாதும்மா. பயம் இருந்தது." சர்வேயர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "முதல் எட்டு வெட்டும் செடி வளர்க்கிற கை. கணுவுக்குக் கீழ, சரிவா, முதல் மழை ஈரத்துல. வேர் பிடிக்க வைக்கிறவங்க அப்படித்தான் எடுப்பாங்க. இடது கை, கேட்டைத் தூக்கித் திறக்கத் தெரிஞ்ச ஆளு, உங்க சமையலறை ஜன்னலுக்கு நேரா நின்னு எடுத்த ஆளு. அது உங்க பொண்ணுன்னு மச்சான் சொன்னது சரிதான். ஆனா ஒன்பதாவதை எடுத்தது வேற ஆள். அவளைவிட உயரம், கத்தரி கிடையாது, கேட்டோட சூட்சுமம் தெரியாது. துணியில மண்ணு இல்ல, கிரீஸ் இருந்தது. செடிகிட்ட வேலை பாக்குறவர் இல்ல, மெஷின்கிட்ட வேலை பாக்குறவர். அப்புறம் அவர் எடுத்தது பூத்த கிளை. நட்டு வேர் விட வைக்க யாரும் பூத்த கிளையை எடுக்க மாட்டாங்க. பூவுக்காகத்தான் எடுத்திருக்கார். எட்டு வருஷத்துல ஒரு தடவைகூடத் தவறாம வந்தவ, இந்தத் தடவை வேற ஆளு வந்து, அதுவும் பூ மட்டும் கொண்டு போறார்னா..." அவர் நிறுத்திக்கொண்டார். "படுத்த படுக்கையா இருப்பாளோன்னு ஒரு நப்பாசை இருந்தது. அதனாலதான் நேத்து எதுவும் சொல்ல வேண்டாம்னேன்."

"அவதான் கேட்டா," என்றார் மூட்டையில் இருந்தவர். "பூத்ததும் ஒரு கிளை கொண்டு வாங்கன்னா. தெருவுல நின்னு பாத்தேன், மொட்டாத்தான் இருந்தது. அடுத்த வாரம் கொண்டு வரேன்னு சொன்னேன். அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அப்புறம் மனசு கேக்கல. மூணு நாள் முன்னாடி நீங்க வெளிய போறதைப் பாத்துட்டு உள்ள போனேன். அந்தக் கேட்டைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல. கிளையைக் கொண்டு போய் அவளை வச்ச இடத்துல வச்சேன். தப்புதான் அத்தை."

"ஏன்பா அவ கதவைத் தட்டல?"

"ஒவ்வொரு வருஷமும் தட்டுறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவா. நானும் வரேன்னா வேண்டாம், முதல்ல நான் போய்ப் பேசுறேன்னுவா. குச்சியோட திரும்பி வருவா. அம்மா பாத்திரம் கழுவிட்டிருந்தாங்க, அம்மாவுக்கு முடி நரைச்சுப் போச்சு, இதைத்தான் ஒரு வாரத்துக்குச் சொல்லிட்டிருப்பா."

"நான் அவளைச் சொன்ன வார்த்தையைச் சொன்னாளா?"

அவர் புரியாமல் பார்த்தார். "என்ன வார்த்தை? தம்பி போனதுக்கு அப்புறம் அம்மா முகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் இல்லன்னு மட்டும்தான் சொல்வா."

மருந்தம்மா இடுப்பு உயரச் செடியின் அருகே போய் நின்றார். அதன் இலை ஒன்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அப்போதும் அழவில்லை. பிறகு மருமகனின் கிழிந்த சட்டைப் பையைப் பார்த்து, "அதைத் தைச்சுக்கப்பா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அவளை வச்ச இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ," என்றார். "கேட்டைத் தூக்கித் தள்ளணும்."

சர்வேயர் காரில் முன்னால் ஏறிக்கொண்டார். தையற்காரர் பின்னால் மருந்தம்மாவின் பக்கத்தில், கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போன வருஷம் தைத்த நாற்பது ஜோடியில் ஒன்று அவளுடையது என்பது பாலத்தின் மேல் வரும்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுடைய தோளும் கை நீளமும் இன்னும் அவர் கடை நோட்டில் எண்களாக இருக்கும்.

"அம்மா," என்றார். "அத்தான் சொல்லாதேன்னுதான் சொன்னார். என் வாய் சும்மா இருக்கல. உங்களுக்கு ஆசை காட்டி..."

"நேத்து ராத்திரி நான் தூங்கினேன்," என்றார் மருந்தம்மா. "நடுவுல எழுந்திருக்காம தூங்கினேன். பத்து வருஷத்துல அந்த ஒரு ராத்திரிதான். காலைல எழுந்து, அவளைப் பாத்ததும் முதல்ல என்ன பேசுறதுன்னு கண்ணாடி முன்னாடி நின்னு நாலஞ்சு விதமா சொல்லிப் பாத்தேன். மன்னிச்சுடுடின்னு ஆரம்பிச்சா அவ அழுதுடுவா. அதனால அது வேண்டாம்னு வச்சேன். கடைசியில ஒண்ணு சரியா வந்தது. அந்த ராத்திரி நீங்க குடுத்ததுதான். அதுக்காக வருத்தப்படாதீங்க."

கார் பாலத்தை விட்டு இறங்கியது. மருந்தம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே நிற்கும் யாரிடமோ சொல்வதுபோல, மிக மெதுவாகச் சொன்னார்:

"ஏண்டி அங்கேயே நிக்கிற? உள்ள வா. சாப்பிட்டியா?"